ஒளி வடிகட்டிகளும் இயற்கைக் காட்சிப் படங்களும்

மலையும் அருவியும் முகில் தவழும் வானமும் கண்டு களித்தோர், அக்காட்சியைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்க்குங்கால் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகின்றனர். கண்ணுக்கு நீலமாய் விளங்கிய வானம் படத்தில் வெளிறிக் கிடக்கின்றது. முகில்கள் இருந்த சுவடே தெரிவதில்லை. இக்குறை யாதினால் நேர்கின்றது? அதனைப் போக்கும் வழி யாது? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

கறுப்பு வெள்ளைப் பிலிம் நிறங்களை நம் கண் உணருமாறு உணர்வதன்று. நீல ஒளி அதனை மிகுதியும் தாக்குகின்றது. ஆதலின் நீலவானும் வெண்முகிலும் ஏறக்குறைய ஒரே வெண்மையாய்ப் பதிந்துவிடுகின்றன. லென்ஸின் முன் மஞ்சள் வடிகட்டியைப் பொருத்தினால், அது நீல ஒளியில் ஒரு பகுதியைத் தடுக்கும். வானம் சற்றே இருண்டு முகில் வெளிப்படும். சிவப்பு வடிகட்டியோ நீலத்தையும் பச்சையையும் ஒருங்கே தடுப்பதால் வானம் கருமையுறும். நிழலிடங்கள் வானின் நீல ஒளியையே பெரிதும் பெற்று நிற்பன ஆதலின் அவையும் கறுக்கும். தடுக்கப்பட்ட ஒளிக்கு ஈடாகப் படமெடுக்கும் நேரத்தை நீட்டித்தல் வேண்டும்.

இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க நாட்டின் யோசமிட்டியில், 1927 ஏப்ரல் 10 அன்று, ஆன்சல் ஆடம்ஸ் என்பார் ஹாப் டோம் என்னும் மாபெரும் பாறையைப் படமெடுக்க மலையேறினார். இறுதியில் அவரிடம் எஞ்சியவை இரண்டே கண்ணாடித் தகடுகள். மஞ்சள் வடிகட்டியிட்டு ஒன்றில் படமெடுத்தார். எடுத்தவுடனே, தம் உள்ளம் உணர்ந்த பெருமிதம் அதில் அமையாது என்று தெளிந்தார். எஞ்சிய ஒற்றைத் தகட்டிற்கு அடர்சிவப்பு வடிகட்டியைப் பூட்டி, அதற்கேற்பப் பதினாறு மடங்கு ஒளி சேருமாறு படமெடுத்தார். கரிய வானின் முன் பாறை ஓங்கி நிற்கும் அப்படம் உலகப் புகழ் பெற்றது.

வானம் அன்று கருமையாய் இருந்ததில்லையே. ஆகவே அப்படம் பொய்யன்றோ எனின், அன்று. வடிகட்டியின்றி எடுத்திருப்பின் வானம் மெய்யினும் வெளிறிக் காட்டியிருக்கும். அதுவும் கண் கண்ட வானமன்று. நிறத்தைத் துறந்த படத்தில் எந்நிறம் எவ்வளவு கறுக்க வேண்டும் என்பதை ஒருவர் தேர்ந்தே ஆகவேண்டும். எனினும் தேர்வு இடமறிந்து செய்யத்தக்கது. பசுமையே அழகாகிய கழனிக்குச் சிவப்பு வடிகட்டியிட்டால் பயிரெல்லாம் கறுத்து அழகு கெடும்.

போலரைசர் என்பது பிறிதொரு வகை. அதனைச் சுழற்றி அமைப்பின் நீரிலும் இலையிலும் தோன்றும் கூசொளி குறையும். ஞாயிற்றிற்குச் செங்கோணத்திலுள்ள வானப்பகுதியை அது மிகுதியும் இருளச் செய்யும். வண்ணப் படத்திற்கும் உதவும்.

இக்காலத்து டிஜிட்டல் காமிராவில் மஞ்சள், சிவப்பு வடிகட்டிகளின் பயனைக் கணினியால் பின்னரும் ஓரளவு பெறலாம். ஆனால் கூசொளியால் மறைந்த ஓடைக் கூழாங்கற்கள் படத்தில் பதியவே இல்லையாதலின், அவற்றைப் பின்னர் மீட்டல் இயலாது. ஆதலின் நண்பர்காள்! காமிராவை எடுக்குமுன், இக்காட்சியில் நம் உள்ளத்தைக் கவர்ந்தது யாது என்று வினவுக. அதற்கு விடை கிடைத்தபின் வடிகட்டியைத் தேர்தல் எளிது.