பழைய இரும்புப் பாலம் எத்தனை டன் தாங்கும்? கணக்கிடப்படுவது எப்படி?

அந்தமானில் ஒரு பாலம் பலவீனமடைந்தால், சுற்றிச் செல்ல வேறு சாலை இருப்பது அரிது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நிலநடுக்கத்தில், மத்திய அந்தமானையும் வடக்கு அந்தமானையும் இணைக்கும் 268 மீட்டர் நீள ஆஸ்டின் நீரிணைப் பாலத்தின் நடுக்கண்கள் மூன்று, தாங்கிகளிலிருந்து விலகின. திக்லிபூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த அந்தப் பாலத்தில் பின்னர் இலகுரக வாகனங்களே அனுமதிக்கப்பட்டன.

அது கான்கிரீட் பாலம். சேதம் கண்ணுக்குத் தெரிந்தது. இரும்புப் பாலம் அப்படியல்ல. உப்புக்காற்றும் நீண்ட மழைக்காலமும் அதனை மெல்ல மெல்ல அரிக்கின்றன.

எனவே மதிப்பீட்டின் முதல் வேலை, பழைய வரைபடத்தை நம்பாமல், எஞ்சியுள்ள தடிமனை மீயொலிக் கருவியால் அளப்பதே. 10 மி.மீ. தகடு 8 மி.மீ. ஆகியிருந்தால், இழுவிசையைத் தாங்கும் திறன் 20 சதவீதம் குறையும். ஆனால் அழுத்தத்தில் நெளியாமல் நிற்கும் திறன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், அது ஏறக்குறையப் பாதியாகிவிடும். துருவின் அளவை மட்டும் பார்ப்போர் தவறவிடும் இடம் இதுதான்.

அடுத்தது களைப்பு. 2018-இல் மத்திய அரசு வாகன எடை வரம்பை உயர்த்தியபோது, மூன்று அச்சு லாரிக்கான வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னானது. எடை கூடியது 14 சதவீதமே. எனினும் உலோகக் களைப்பும் ஏறத்தாழ மும்மடி விதியைப் பின்பற்றுவதால், ஒவ்வொரு முறை லாரி கடக்கும்போதும் ஏற்படும் பாதிப்பு சுமார் 48 சதவீதம் கூடுகிறது. ரிவெட் துளைகளின் ஓரங்களில் விரிசல் தேடப்படுவது இதனாலேயே.

கணக்கீட்டில் ஐயம் எழுந்தால், இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி சுமைச் சோதனை நடத்தப்படும். எடையேற்றிய வாகனங்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டு, முழுச் சுமை 24 மணி நேரம் வைக்கப்படும். சுமையை அகற்றி 24 மணி நேரத்துக்குள், ஏற்பட்ட தொய்வில் 85 சதவீதமாவது இரும்புப் பாலம் மீள வேண்டும்; கம்பி வலுவூட்டிய சாதாரண கான்கிரீட்டுக்கு இது 75 சதவீதம்.

ஆனால் இச்சோதனை நீருக்கடியில் உள்ளதைச் சொல்லாது. திருச்சியில் 1928-இல் கட்டப்பட்ட கொள்ளிடம் இரும்புப் பாலத்தில், புதிய பாலம் திறக்கப்பட்டதும் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்தது. வாகனம் ஏதும் செல்லாத அந்தப் பாலத்தின் 18, 19-ஆவது தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தன.