நந்தி மலை அடிவாரத்தில் ஒரு திராட்சைத் தோட்டம்

ஒயின் தயாரிக்கும் இடத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்தேன் என்றதும் நண்பர்கள் சிலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

யோசனை என் மகனுடையது. அலுவலக நண்பர்களுடன் அங்கே போகப் போவதாக மறைக்காமல் என்னிடம் சொன்னான். எனக்குத் திக்கென்றது. நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது என் தந்தையைச் சாராயம் கொண்டுபோயிற்று. அதன்பின் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. ஆனால் மகனுக்கு வயது இருபத்தைந்து. இன்று தடுத்தால் நாளை சொல்லாமல் போவான். "எல்லோருமாகவே போவோம்" என்றேன். அம்மாவோ, "அதைக் காசு கொடுத்து வேற போய்ப் பார்க்கணுமா?" என்றார். வழியில் போக நந்தீசுவரர் கோயில் இருக்கிறது என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றினோம்.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஹெப்பாள், தேவனஹள்ளி வழியாக நந்தி கிராமம் சென்றோம். நுளம்பர், சோழர், விஜயநகரத்தார் எனப் பல காலத்தவர் திருப்பணி செய்த கோயில் அது. தரிசனம் முடித்து, தொட்டபல்லாபூர் அருகே உள்ள குரோவர் தோட்டத்துக்குத் திரும்பினோம். கன்வல் குரோவர் என்பவர் பிரெஞ்சு வல்லுநர் ஜார்ஜ் வெசலின் துணையோடு 1988-இல் தொடங்கிய தோட்டம் இது. முதல் ஒயின் 1992-இல் வெளிவந்தது. 2012-இல் நாசிக் பகுதி நிறுவனம் ஒன்றோடு இணைந்து 'குரோவர் சம்பா' ஆயிற்று. முன்பதிவு செய்துகொண்டு போனால் சுற்றிக் காட்டுகிறார்கள்.

முதலில் கொடிகள். பழங்கள் சிறியவை, தோல் தடிப்பு, விதை உண்டு. ஆனால் நாம் சந்தையில் வாங்கும் பழத்தைவிட இனிப்பு அதிகம். அந்தச் சர்க்கரைதான் பின்னால் மதுவாக மாறுகிறது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்து உறங்கும். இங்கே அந்த உறக்கம் இல்லை. ஆகவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்கிறார்கள். அறுவடை முடிந்து கோடையில் ஒன்று, மழைக்காலம் ஓயும் செப்டம்பர், அக்டோபரில் ஒன்று. இரண்டாவது கவாத்துக்குப் பின் வரும் காய்ப்பே ஒயினுக்கு. பிப்ரவரி, மார்ச்சில் பறிக்கிறார்கள். கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இரவு குளிர்வதால் பழத்தின் புளிப்பு கெடாமல் நிற்கிறது.

அடுத்து ஆலை. கருந்திராட்சையைப் பிழிந்தாலும் சாறு பெரும்பாலும் வெளிறிய நிறந்தான். தோலோடு சேர்த்து ஊறவைத்துப் புளிக்கவிட்டால் சிவப்பு ஒயின். தோலை நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்கவைத்தால் வெள்ளை ஒயின். நம் வீட்டு இட்லி மாவைப் போலவே இங்கும் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தாம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் விடுகிறது. எஃகுத் தொட்டிகளைச் சுற்றிக் குளிர்நீர் ஓடவிட்டுச் சூட்டை அடக்குகிறார்கள். சில சிவப்பு ஒயின்களை ஓக் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். 750 மில்லி புட்டி ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் வேண்டும். முடிவில் ஒயினில் சாராயச் சத்து 12 முதல் 14 சதவீதம். நம் நாட்டு விஸ்கியில் இது 42.8 சதவீதம்.

கடைசியாகச் சுவைக்கும் கூடம். வெள்ளை முதலில், சிவப்பு பின்னால். கோப்பையின் அடியில் கொஞ்சமாக ஊற்றுகிறார்கள். நிறம் பார்த்து, கோப்பையைச் சுழற்றி முகர்ந்து, ஒரு மிடறு வாயில் வைத்து நாக்கில் உருட்ட வேண்டும். பிறகு மேசைமேல் உள்ள பாத்திரத்தில் துப்பிவிடலாம். அதைக் கண்டதும் அம்மா, "இது எங்க பாட்டி வெச்சிருந்த படிக்கம் மாதிரியில்ல இருக்கு!" என்றார்.

சிவப்பு ஒயினில் நாக்கைப் பிடிக்கும் ஒரு சுவை இருக்கும் என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் நெடுநேரம் விளக்கினார். மகன் ஒரு வாய் வைத்துப் பார்த்து, "பாட்டி, வாழைப்பூவைப் பச்சையா கடிச்ச மாதிரி இருக்கு" என்றான். "துவர்ப்புன்னு சொல்லேன்" என்றார் அம்மா. அவ்வளவுதான்! அறுசுவையில் ஒன்றாக நாம் அதற்குப் பெயர் வைத்து எத்தனையோ காலமாயிற்று.

திராட்சை மதுவும் நமக்குப் புதிதல்ல. யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் புறநானூறு பேசுகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் நடத்திய அகழாய்வில் ரோமானியரின் இரு கைப்பிடி மதுச்சாடிகள் கிடைத்தன. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும் நம்மவரே.

வண்டி ஓட்ட வேண்டியவன் நான் என்பதால் முகர்ந்ததோடு நிறுத்திக்கொண்டேன். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். அந்த அளவை எட்ட அதிகம் வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் சாலையோரம் 'பெங்களூர் நீலம்' திராட்சை இரண்டு கிலோ வாங்கினோம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் வட்டாரப் பழம். அம்மா வெகுநேரம் பேசாமல் வந்தார். எலகங்கா நெருங்கும்போது சொன்னார்: "துப்புறதுக்குன்னு ஒரு பாத்திரம் வெச்சிருக்காங்க பாரு. உங்கப்பா போன இடத்துல அப்படி ஒண்ணும் இல்ல."

என் மகன் எதுவும் பேசவில்லை. தாத்தாவைப் பற்றி அன்றிரவுதான் முதன்முறையாக என்னிடம் கேட்டான். நானும் முழுவதும் சொன்னேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எங்கள் வீட்டில் மூடிக்கிடந்த பேச்சு அது.

பிள்ளைகள் வளர்ந்த வீட்டு அன்பர்கள் ஒருமுறை சென்று வாருங்கள். அறுவடைக் காலமாக இருந்தால் நல்லது. வண்டி ஓட்டுபவர் யாரென்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.