ரெண்டு டயர் மட்டும் மாத்தப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுக் கடைக்குப் போங்க

கார் இஎம்ஐ, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாத்துக்கும் உங்க பட்ஜெட் ஷீட்ல ஒரு வரி இருக்கும். டயருக்கு இருக்காது. நாலஞ்சு வருஷம் கழிச்சு நாலும் ஒண்ணா தேஞ்சு நிக்கும்போது, "இப்போதைக்கு ரெண்டு போதும்"னு முடிவு பண்ணுவோம். அதுல தப்பில்ல. ஆனா அந்த ரெண்டும் எங்க மாட்டப்படுதுங்கிறது முக்கியம்.

ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 எல்லாமே முன் வீல் டிரைவ். வண்டியை இழுக்கிறது, திருப்புறது, பிரேக்கோட பெரும்பங்கு எல்லாம் முன் டயர் மேலதான். அதனால முன்னாடி இருக்கிறதுதான் சீக்கிரம் தேயும். கடையில தேஞ்சதைக் கழட்டி அதே இடத்துல புதுசை மாட்டிடுவாங்க. பார்க்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா மிஷலின் மாதிரி பெரிய டயர் கம்பெனிகள் சொல்றது வேற: புதுசு பின்னாடி போகணும், பின்னாடி இருந்தது முன்னாடி வரணும்.

காரணம் மழை. ரோட்டுல தேங்குற தண்ணியை டயரோட காடிகள்தான் வெளிய தள்ளும். காடி தேஞ்சுட்டா டயர் தண்ணி மேல மிதக்க ஆரம்பிச்சிடும். முன் டயர் மிதந்தா ஸ்டியரிங் லேசாகும், கார் நேரா போகப் பார்க்கும். நீங்க தானாவே ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுப்பீங்க, பிடிமானம் திரும்ப வரும். பின் டயர் மிதந்தா அப்படி இல்ல. வளைவுல வண்டியோட பின்பக்கம் வெளிய வீசிடும். பயத்துல காலை எடுத்தா இன்னும் மோசமாகும். அதை ஸ்டியரிங்ல சரி பண்றது பயிற்சி இல்லாத யாருக்கும் கஷ்டம். இஎஸ்பி இருக்கேன்னு கேக்கலாம். அதுவும் டயரோட பிடிமானத்தை வச்சுத்தான் வேலை செய்யும்.

சட்டப்படி காடி ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆனா மழையில பிடிமானம் அதுக்கு ரொம்ப முன்னாடியே குறைய ஆரம்பிச்சிடும். சென்னை மாதிரி ஊர்னா அக்டோபருக்கு முன்னாடி மாத்திடுங்க.

அடுத்து, நம்ம பசங்களுக்குப் பிடிச்ச விஷயம்: அகலமான டயர். 185/65 ஆர்15-ல 185 அகலம், 65 பக்கச் சுவரோட உயரம் அகலத்துல எத்தனை சதவீதம்ங்கிறது, 15 ரிம் இன்ச். மொத்த விட்டம் 621.5 மில்லிமீட்டர். அதுக்குப் பதிலா 195/65 போட்டா 634.5, அதாவது 2 சதவீதம் பெருசு. ஓடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைச்சுக் காட்டும், ஸ்டியரிங் கனமாகும், தேங்கின தண்ணியில மிதக்கிறதும் சீக்கிரம் நடக்கும். காசு கொடுத்து இதை வாங்கணுமா? டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கர்ல கம்பெனி கொடுத்த அளவு இருக்கும், அதுக்குள்ளயே இருங்க. கடைசியில வர்ற 88ஹெச் மாதிரி குறியீட்டையும் பாருங்க. 88-னா ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 82-னா 475 கிலோதான். விலை குறைவுன்னு இதுல இறங்காதீங்க. ஒரே அச்சுல ரெண்டு பக்கமும் வேற வேற பிராண்ட் போடறதும் வேண்டாம், பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு, நல்ல டயர் 5,500, மலிவானது 4,000 ரூபாய்னு வைங்க. நாலுக்கும் வித்தியாசம் 6,000. ரெண்டுமே 40,000 கிலோமீட்டர் ஓடினா, கிலோமீட்டருக்கு 15 பைசா. மாசம் 800 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு 120 ரூபாய். ஒரு பிரியாணி கூட வராது. பெட்ரோல் 100 ரூபாய், மைலேஜ் 16-னா கிலோமீட்டருக்கு 6.25 ரூபாய் ஆகுது. மலிவு டயரால மைலேஜ் 3 சதவீதம் குறைஞ்சாலே அந்த 15 பைசா போயிடும். (விலை அதிகம்னாலே நல்ல டயர்னு நான் சொல்லல, ஈர ரோட்டுல பிரேக் டெஸ்ட் ரிவ்யூ பார்த்து எடுங்க.)

இன்சூரன்ஸ் பார்த்துக்கும்னு நினைக்காதீங்க. சாதாரண பேக்கேஜ் பாலிசியில டயர் மட்டும் கிழிஞ்சா க்ளெய்ம் கிடையாது. வண்டியும் சேர்ந்து அடிபட்டாத்தான் தருவாங்க, அதுவும் டயர் விலையில பாதி.

மாட்டறதுக்கு முன்னாடி டயர் ஓரத்துல கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2325-னா 2025-ஓட 23-வது வாரத்துல செஞ்சது. பில்லுல அளவும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்க, வாரன்டிக்குத் தேவைப்படும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து கார் டயருக்கு ஜிஎஸ்டி 28 இல்ல, 18 சதவீதம்தான். யாராவது பழைய ரேட் கார்டை நீட்டினா இதைச் சொல்லிக் கேளுங்க.