கடல் கடந்த மாவும் கைப்பக்குவமும்

ரொட்டி சுடுவதைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என வினவுவோர் உளர். மா, தேங்காய், உப்பு, நீர் ஆகிய நான்கும் சேர்ந்தால் ரொட்டி. அதற்கு ஒரு கட்டுரையா என்பர். இந்நான்கனுள் ஒன்று மட்டும் நம் மண்ணில் விளையாதது என்பதை எண்ணிப் பார்ப்போமாயின், எழுத வேண்டியது சிறிதன்று என்பது விளங்கும்.

திருகோணமலை மாவட்டத்தின் தென்பகுதியில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வெருகல் ஆறு கடலை நாடும் நிலப்பரப்பில் அமைந்துள்ளது ஈச்சிலம்பற்று. மகாவலியின் கிளையாகிய அவ்வாறு வயலுக்கு நீர் தருகிறது. கடல் மீன் தருகிறது. முற்றத்துத் தென்னை தேங்காய் தருகிறது. நெல் விளையும் இவ்வூரில் கோதுமை விளைவதில்லை. இலங்கைத் தீவு முழுவதற்கும் வேண்டிய கோதுமை கப்பலேறியே வருகிறது. ஆயினும் இப்பகுதி வீடுகளிற் காலையிலோ மாலையிலோ அடுப்பின் மீது ஏறுவது பெரும்பாலும் கோதுமை ரொட்டியே. அயல்நாட்டுத் தானியம் நம் அடுக்களைக்குள் எவ்வாறு புகுந்தது?

இரண்டாம் உலகப் போரில், 1942இல், பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறையில் அரிசியின் குறையை ஈடுசெய்யக் கோதுமை மா வந்தது. போர் முடிந்த பின்னரும் அது நம்மை விட்டுப் போகவில்லை. மூத்தோர் பலர் அதனை ‘அமெரிக்கன் மா’ என்று வழங்கிய பெயரே அதன் வரலாற்றைக் கூறும். பின்னர், 1980இல், திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவிற் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியது. கடல் கடந்து வரும் கோதுமை நம் மாவட்டத்திலேயே மாவாகிறது. ஆலை அண்மையிலுள்ளது, தானியமோ இன்றும் தொலைவிலிருந்தே வருகிறது.

வந்த மாவை நம்முடையதாக்கியது நம் பெண்களின் கைப்பக்குவம். அதன் முறை இது. இரண்டு கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை புதிதாகத் துருவிய தேங்காய்ப்பூவும் அளவான உப்பும் எடுத்துக்கொள்ள வேண்டும். நீர் விடுமுன் இம்மூன்றையும் விரல்களாற் பிசிறிவிட வேண்டும். அதன் பின்னரே இளஞ்சூடான நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் குழைக்க வேண்டும். எவ்வளவு நீர் என்று கேட்டால் அளவு சொல்வார் இல்லை. தேங்காய் இளசாயின் நீர் குறையும், முற்றியதாயின் கூடும். மா கையில் ஒட்டாது திரண்டு, அழுத்தினால் விரலின் தடம் பதியும் நிலையே பதம். அதனை ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைத்துவிட்டுப் பின் உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிய வாழையிலையில் வைத்து உள்ளங்கையாலும் விரல்களாலும் தட்டிப் பரப்ப வேண்டும். தெளித்த நீர் சீறி வற்றும் சூடு கல்லில் ஏறியதும் இட்டு, இருபுறமும் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும்வரை திருப்பிச் சுட வேண்டும். வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து சேர்ப்போரும் உண்டு. சம்பலோடோ முதல்நாள் மீன்குழம்போடோ உண்ணும்போது அதன் சுவை தனி.

இம்முறையின் ஒவ்வோர் அடிக்கும் காரணம் உண்டு. கோதுமை மாவிலுள்ள புரதங்கள் நீர் பட்டுப் பிசையப்படும்போது ஒன்றோடொன்று பின்னி, குளூட்டன் என்னும் இழுபடும் வலையாகின்றன. வலை இறுகினால் ரொட்டி தோலாகும். தேங்காய்ப்பூவின் எண்ணெய்ப்பசை மாத்துகள்களைச் சூழ்ந்து அவ்வலையைத் தளர்த்துகிறது. முதலில் உலர்வாகப் பிசிறுவது அதற்காகவே. பிசைந்த மாவை ஓய வைப்பது, இறுகிய இழைகள் தளர்ந்து தட்டுவதற்கு இசைவதற்காக. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் இதே மாவை நம்மவர் அவித்து அரித்து எடுக்கின்றனர். வெப்பத்தாற் புரதத்தின் பின்னும் ஆற்றல் கெடுவதால் மா உதிரியாக நிற்கிறது. ரொட்டிக்குப் பச்சை மா, பிட்டுக்கு அவித்த மா என்று பிரித்தறிந்தவர்கள் வேதியியல் நூலைப் புரட்டியவர்களல்லர், அனுபவத்தாற் கண்டவர்கள். பாடசாலை ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். தேங்காய் சேர்க்காது பிசைந்த மாவுருண்டையை நீரிற் பிசைந்து கழுவினால் மாப்பொருள் பாலாகக் கரைந்து போக, றப்பர் போன்றதொரு திரள் கையில் எஞ்சும். அதுவே குளூட்டன்.

வந்த தானியத்தைத் தனதாக்கிக்கொண்ட அனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோ நாட்டின் பழைய உணவு, சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோளத்தாலாகிய தோர்த்தியா. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கோதுமையைக் கொண்டு சென்றனர். சொனோரா முதலிய வடபகுதிகளில் அது நன்கு விளையவே, அங்குள்ளோர் கோதுமை மாவாலும் தோர்த்தியா சுடலாயினர். கோதுமை மாவோடு உப்பும் பன்றிக்கொழுப்பும் சேர்த்துப் பிசிறி, வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஓய வைத்து, மெல்லியதாகப் பரப்பி, சூடான கல்லிற் சுடுவர். நம் தேங்காய் செய்யும் வேலையை அங்குக் கொழுப்பு செய்கிறது. அவர்கள் ரொட்டி மெல்லியது, நம்முடையது தடித்தது. ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள் ஒரே சிக்கலுக்கு ஒரே விடையைக் கண்டனர். வேறுபாடு ஒன்றுண்டு: அவர்கள் மண்ணிற் கோதுமை வேரூன்றியது, நம் மண்ணில் ஊன்றவில்லை.

அந்த வேறுபாட்டின் விலையை ஈச்சிலம்பற்று மக்கள் அறிவர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இரண்டாண்டுகள் கழியுமுன், 2006இல், போர் அவர்களை ஊரைவிட்டு எழுப்பியது. வாகரைக்கும், பின் மட்டக்களப்பின் முகாம்களுக்கும் சென்றனர். அங்கு நிவாரணமாகக் கிடைத்த உலருணவிற் கோதுமை மாவும் இருந்தது. வயலும் தென்னையும் பின்னே நின்றன. மா மட்டும் கையில் இருந்தது. தேங்காயின்றிப் பிசைந்த ரொட்டி எவ்வாறிருக்கும் என்பதை, மேலே கூறிய காரணங்களை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் மூன்று கற்களைக் கூட்டி அடுப்பாக்கி, கிடைத்த தகட்டிலும் ரொட்டி சுடத் தெரிந்தவர் வீட்டிற் பிள்ளைகள் உண்டார்கள்.

2022இல் வேறொரு இடர் வந்தது. அந்நியச் செலாவணி வறண்டு, மாவின் விலை ஏறியது. எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றனர். அப்போது குரக்கன் மாவின் நினைவு மீண்டது. குரக்கனிற் குளூட்டன் இல்லை. குளிர்ந்த நீரிற் குழைத்தால் விண்டு போகும். கொதிநீர் ஊற்றிக் கிளறினால் மாப்பொருள் பசையாகிப் பிடித்துக்கொள்ளும். தேங்காய்ப்பூவை அதனோடு சேர்த்துத் தட்டினால் ரொட்டியாகும். இதனை அறிந்த கைக்குக் கோதுமை இல்லாத நாளும் பட்டினி நாளன்று. அறியாத வீட்டுக்கோ கடை மூடிய நாளே பஞ்சம்.

இன்று கடைப்பாணும் உறையிலிட்ட ரொட்டியும் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோரைக் குறை கூறுவதற்கில்லை. உழைத்துக் களைத்தவர்க்கு நேரமும் ஒரு செலவே. ஆனால் மாவின் பதம் ஏட்டில் எழுதப்படாதது. பாட்டியின் கையருகே பேரப்பிள்ளையின் கையிருந்தாலன்றி அது கடவாது. பெண்பிள்ளைகளோடு ஆண்பிள்ளைகளும் அதனைக் கற்க வேண்டும். சேருவிலவின் சிங்கள வீட்டில் ‘பொல் ரொட்டி’ என்றும் மூதூரின் முஸ்லிம் வீட்டிலும் ஈச்சிலம்பற்றின் தமிழ் வீட்டிலும் தேங்காய் ரொட்டி என்றும் வழங்குவது ஒரே பண்டந்தான். மூன்று வீட்டுக்கும் மா ஒரே கப்பலில் வருகிறது. அது வராத நாளும் மூன்று வீட்டுக்கும் ஒன்றே.

அடுத்த விடுமுறை நாளிற் பிள்ளைகளை அடுக்களைக்கு அழையுங்கள். முதல் ரொட்டி கோணலாயிருக்கும்; இரண்டாவது ஓரத்திற் கருகும். மூன்றாவதை அவர்களே உண்டு தீர்ப்பார்கள்.