கூடாரத்துக்கு அட்வான்ஸ் கட்டும் முன்

சனிக்கிழமை காலை ஆழ்வார்பேட்டையில் கிளம்பினால் அடையாறு, திருவான்மியூர் தாண்டி ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் சுமார் 50 கிலோமீட்டர்தான். வழி நெடுக ரிசார்ட்டுகள். இப்போது கூடாரங்களும் சேர்ந்துகொண்டன. கட்டில், மெத்தை, ஏசி, ஒட்டினாற்போல் குளியலறை உள்ள சொகுசுக் கூடாரம், கிளாம்பிங் என்கிறார்கள். படத்தில் எல்லாமே அழகுதான். ராத்திரி தூக்கம் வருமா என்பதைத் தீர்மானிப்பது துணி.

நல்ல கூடாரம் கித்தானில் தைத்தது. பருத்தி, அல்லது பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த நெசவு. சதுர மீட்டருக்கு 300 கிராம் வாக்கில் எடை. மழை பட்டதும் பருத்தி இழை உப்பி, நெசவின் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். காய்ந்ததும் இடுக்குகள் திறந்து காற்று போய்வரும். பிவிசி பூசிய துணி அப்படியல்ல. ஒரு சொட்டு மழையையும் உள்ளே விடாது. உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. மலையில் இரண்டு பேர் ராத்திரி முழுக்க விடும் மூச்சின் நீராவி, விடியற்காலையில் குளிர்ந்த கூரையின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். ஒன்று மூக்கில் விழுந்ததும் ‘கூரை ஒழுகுது’ என்று ரிசப்ஷனுக்குப் போன் போகும். பாவம், கூரை ஒழுகவில்லை.

இதற்கு வழி உண்டு. கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு துணி கட்டுவார்கள். வெயிலை அது வாங்கிக்கொள்ளும். நடுவில் காற்று ஓடும். கூடவே எதிரெதிரே வலைச் சன்னல்கள் வேண்டும். போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “கூரை ஒத்தைத் துணியா, ரெட்டைத் துணியா?” பதில் சொல்லத் தெரியாமல் மேனேஜரைக் கூப்பிட்டால்கூடப் பரவாயில்லை. ‘அதெல்லாம் சூப்பரா இருக்கும் சார்’ என்றால் வேறு இடம் பாருங்கள்.

உருண்டைக் கூடாரம் தனி ரகம். பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அமைப்பின் வாரிசு. முக்கோணச் சட்டங்கள் ஒன்றையொன்று தாங்குவதால் நடுவில் தூண் தேவையில்லை. காற்றும் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் முன்பக்கம் கண்ணாடி போன்ற பிவிசி. ஏலகிரியின் டிசம்பர் இரவுக்கு அது இதம். மே மாத மதியம் கோவளத்தில் அதுவே இட்லிப் பானை, ஏசி திணறும். அந்தப் பக்கம் மேற்கே பார்த்திருந்தால் புக் செய்யாதீர்கள்.

துணிக்கு அடுத்து தரை. ஈசிஆரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேடை கட்டி அதன்மேல் போட்ட கூடாரமா, மணல்மேலேயே விரித்ததா என்று கேளுங்கள். நட்சத்திர எண்ணிக்கையைவிட, போன மழைக்காலத்தில் தங்கியவர்கள் எடுத்த படங்கள் நம்பகமானவை. மெத்தையின் ஓரத்தில் பூஞ்சைக் கறை தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்ப்பதில் தப்பில்லை.

காட்டோரம் என்றால் விளையாட்டில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டு மேப்பாடியில் கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவரை யானை தாக்கிக் கொன்றது. கூடாரங்களுக்கு உரிமம் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளைக் காலி செய்யச் சொன்ன உத்தரவை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ‘அறை வாசலிலேயே யானை வரும்’ என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாதீர்கள். உரிமத்தின் நகலை வாட்ஸ்அப்பில் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பணம் கட்டும் இடத்தில் இரண்டு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. எனவே 7,600 ரூபாய்க் கூடாரத்துக்குப் பேரம் பேசி நூறு ரூபாய் குறைத்தால் மிச்சம் ஆயிரத்துக்கு மேல். ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். புயல் எச்சரிக்கை வந்தபின் வாய்ப்பேச்சு செல்லாது.

ஊட்டி, கொடைக்கானல் என்றால் காருக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் உள்ள நடைமுறை இது. கோடை சீசனில் தினசரி வண்டிகளுக்கு வரம்பும் வைக்கிறார்கள். அந்த மாதங்களில் முதலில் பாஸ் எடுங்கள், பிறகு கூடாரத்துக்கு அட்வான்ஸ் அனுப்புங்கள்.