குழந்தைக்கு ஏன் புரையேறுகிறது?

சாப்பிடும் பிள்ளைக்குப் புரையேறினால், “யாரோ நினைக்கிறாங்க” என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் பழக்கம். பெரும்பாலும் இருமலே வேலையை முடித்துவிடும். ஆனால், சிக்கியது முழு வேர்க்கடலையாக இருந்து மூச்சு அடைபட்டால், சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. இதற்குப் பிள்ளையின் அவசரம் மட்டும் காரணமல்ல. பரிணாமம் நம் கழுத்துக்குள் விட்டுவைத்த அமைப்பே அப்படி.

மீன் காலத்துச் சிக்கல்

மூக்கு வாய்க்கு மேலே இருக்கிறது. மூச்சுக்குழாயோ உணவுக்குழாய்க்கு முன்னால் இருக்கிறது. ஆகவே காற்றும் உணவும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே கடந்தாக வேண்டும். பண்டைய மீன்களில் உணவுப்பாதையின் அடிப்பக்கத்திலிருந்து கிளைத்த பையே நுரையீரலாக வளர்ந்தது. அந்த மீன்களின் வழிவந்த நாம் அதே அமைப்பைச் சுமக்கிறோம். உடலின் பக்கவாட்டுத் துளைகளால் மூச்சுவிடும் பூச்சிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. விழுங்கும் ஒவ்வொரு கவளமும் மூச்சுக்குழாயின் வாயைக் கடந்தே போகிறது என்ற விந்தையை, 1859இல் வெளிவந்த தன் நூலிலேயே டார்வின் சுட்டிக்காட்டினார்.

இந்தச் சந்திப்பில் லெவல் கிராசிங் கேட்டைப் போல வேலை செய்வது குரல்வளை. விழுங்கும்போது அது மேலெழுகிறது, அதன் மூடி கவிழ்கிறது, மூச்சு ஒரு கணம் நிற்கிறது. சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ சாப்பிட்டால் இந்த ஒழுங்கு குலைகிறது.

விலங்குகள் சொல்லும் பாடம்

பெரும்பாலான பாலூட்டிகளுக்குக் குரல்வளை உயரத்தில், மூக்கின் பின்பகுதியை ஒட்டி இருக்கும். டால்பினுக்கு அது குழாய்போல நீண்டு நாசிப் பாதைக்குள்ளேயே செருகிக்கொள்கிறது. அதனால் மீனுக்கு ஒரு வழி, காற்றுக்கு வேறு வழி. பிறந்த மனிதக் குழந்தைக்கும் குரல்வளை உயரத்தில்தான், ஏறத்தாழ 3, 4ஆம் கழுத்தெலும்புகளின் மட்டத்தில், இருக்கிறது. பால் குடித்துக்கொண்டே மூக்கால் மூச்சுவிட இது உதவுகிறது. வளர வளர அது கீழிறங்குகிறது.

இந்த இறக்கம் பேச்சுக்காக மனிதனுக்கு மட்டுமே வாய்த்தது என்று நீண்ட காலம் கருதப்பட்டது. 2001இல் ஆய்வாளர்கள் டெக்கம்சே ஃபிட்ச், டேவிட் ரெபி இருவரும் ஆண் செம்மான்களுக்கும் குரல்வளை தாழ்ந்திருப்பதைக் காட்டினார்கள். 2003இல் தகேஷி நிஷிமுரா குழுவினர், சிம்பன்சிக் குட்டிகளிடமும் குரல்வளை இறங்குவதைப் பதிவுசெய்தார்கள். காரணம் குறித்த விவாதம் தொடர்கிறது. ஆனால், உணவும் காற்றும் பகிர்ந்துகொள்ளும் பாதை நமக்கு நீண்டுவிட்டது என்பதில் ஐயமில்லை.

சிறு பிள்ளைகளுக்கு அபாயம் கூடுதல். அவர்களின் மூச்சுக்குழாய் மிகக் குறுகியது, இருமலின் வேகமும் குறைவு. முன்பற்கள் முதலில் முளைப்பதால் கடலையைக் கடிக்க முடியும். அரைக்கும் கடைவாய்ப் பற்களின் இரண்டாம் இணை வருவதற்கோ இரண்டு வயதாகிவிடும்.

ஆய்வறையிலிருந்து சட்டத்துக்கு

1897இல் ஜெர்மன் மருத்துவர் குஸ்தாவ் கில்லியன், ஒரு விவசாயியின் மூச்சுக்கிளையில் சிக்கிய எலும்புத் துண்டைக் குழாய்க் கருவியால் எடுத்தார். அதன்பின் அமெரிக்க மருத்துவர் செவாலியே ஜாக்சன் இந்தக் கலையை வளர்த்தெடுத்தார். நோயாளிகளிடமிருந்து எடுத்த ஊசி, காசு, பொத்தான் என 2,374 பொருள்கள் இன்றும் ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் உள்ளன. எடுப்பதோடு அவர் நிற்கவில்லை. காரப் பொருள்களை விழுங்கித் தொண்டை வெந்த குழந்தைகளைக் கண்டு, அவற்றின் பெட்டிகளில் எச்சரிக்கை வேண்டும் என்று போராடினார். 1927இல் அமெரிக்காவில் அதற்குச் சட்டம் வந்தது. இந்தியாவிலும் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். சிறு பாகங்கள் கழன்று வருகின்றனவா என்பதும் அந்தச் சோதனைகளில் பார்க்கப்படுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

5 வயது நிறையும்வரை முழு வேர்க்கடலை, பட்டாணி, கடின மிட்டாய் வேண்டாம். பொடித்தோ அரைத்தோ கொடுக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள். சீத்தாப்பழம், சப்போட்டா கொட்டைகளை நீக்கிவிட்டுக் கொடுங்கள். புளியங்கொட்டை, உடைந்த பலூன், பட்டன் பேட்டரி கைக்கு எட்டக் கூடாது. உட்கார வைத்தே ஊட்டுங்கள்.

அடைத்துக்கொண்ட பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் முகம் நீலம் பாரித்தால் உடனே செயல்படுங்கள். அருகில் இருப்பவரை 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்டுங்கள். பிறகு மல்லாத்தி மார்பெலும்பின் நடுவில் 5 முறை அழுத்துங்கள். பெரிய பிள்ளையென்றால் முன்னால் குனியவைத்து முதுகில் 5 தட்டு. பிறகு பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக 5 முறை அழுத்த வேண்டும். அடைப்பு நீங்கும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழமாகப் போகும். நினைவிழந்தால் உடனே இதயநுரையீரல் மீட்புச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

புரையேறியபின் இருமலும் வீசிங்கும் நாள்கணக்கில் நீடித்தால் புரையேறியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சாதாரண எக்ஸ்-ரேயில் கடலை தெரியாமல் போகலாம்.

தொண்டையின் அமைப்பை நம்மால் மாற்ற முடியாது. பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்பதை மாற்ற முடியும். ஒவ்வொரு அங்கன்வாடிப் பணியாளருக்கும், தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும், பெற்றோருக்கும் இந்த முதலுதவியைச் செய்முறையாகக் கற்றுத்தர அரசு முன்வர வேண்டும். வாசகர்களும் அதற்குக் காத்திராமல், அருகிலுள்ள முதலுதவிப் பயிற்சியில் இன்றே பெயரைப் பதிவுசெய்யுங்கள்.