மத்தியதரைக் கடலோரம் ஒரு சோற்று நகரம்!

“ஐரோப்பா டூர் போகணும்னு ஆசைதான். ஆனா, பத்து நாளைக்கு ரொட்டியையும் வெண்ணெயையும் தின்னா, இந்த வயிறு என்னத்துக்கு ஆகும்?” இப்படித் தயங்குகிறவரா நீங்கள்? அப்படியானால் ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கரைக்கு வாங்க. அங்கே இருக்கிறது வலென்சியா. எட்டு லட்சம் பேர் வாழும், ஸ்பெயினின் மூன்றாவது பெரிய நகரம். மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து, மனசார சோறு சாப்பிடும் ஊர்!

ஆறு போச்சு... தோட்டம் வந்தது!

ஊரைச் சுற்றிப் பார்க்க டாக்ஸி தேடாதீர்கள். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு துரியா தோட்டத்தில் இறங்குங்கள். ‘இறங்குங்கள்’ என்று சொல்வது சும்மா இல்லை. அது ஒரு காலத்தில் ஆறு ஓடிய பள்ளம்!

1957 அக்டோபரில் துரியா ஆறு பெருக்கெடுத்து ஊருக்குள் புகுந்தது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு ஊருக்குத் தெற்கே புதிதாகக் கால்வாய் வெட்டி, ஆற்றையே திருப்பிவிட்டார்கள். காய்ந்து கிடந்த பழைய ஆற்றுப் படுகையில் பெரிய நெடுஞ்சாலை போடலாம் என்றது அரசாங்கம். “முடியாது, எங்களுக்கு மரம்தான் வேணும்” என்று ஜனங்கள் போராடினார்கள். ஜெயித்தார்கள்!

இன்றைக்கு அங்கே சுமார் 9 கிலோமீட்டர் நீளத்துக்குத் தோட்டம். தலைக்கு மேலே பழைய பாலங்கள்; கீழே ஆரஞ்சு மரங்கள், பனைகள், சைக்கிள் பாதை. தாத்தா பாட்டிகள் கைகோத்து நடக்கிறார்கள். குழந்தைகள் ஏறிச் சறுக்கி விளையாட, படுத்துக் கிடக்கிறார் ராட்சத கலிவர்! தோட்டத்தின் கடல் பக்கத்துக் கோடியில், இதே ஊரில் பிறந்த கட்டடக் கலைஞர் சந்தியாகோ கலத்ராவா வடிவமைத்த கலை அறிவியல் நகரம், வெள்ளை வெளேரென்று மின்னுகிறது.

வியாழன் பகல் 12 மணி

பழைய நகரத்தின் நடுவில் பேராலயம். அதன் மணிக்கூண்டில் 207 படிகள். முட்டி ஒத்துழைத்தால் ஏறுங்கள். வலி இருந்தால் கீழே இருந்தே கும்பிடு போட்டுவிடுங்கள். வியாழக்கிழமை என்றால் பகல் 12 மணிக்கு அப்போஸ்தலர் வாசலுக்குப் போய் நின்றுகொள்ளுங்கள். கறுப்பு அங்கி போட்ட விவசாயிகள் வட்டமாக உட்கார்ந்து, வாய்க்கால் தண்ணீர்த் தகராறுகளைத் தீர்த்து வைப்பார்கள். வக்கீல் கிடையாது. மேல்முறையீடு கிடையாது. சில வாரம் வழக்கே இல்லாமல் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். 2009-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நீர் நீதிமன்றம் இது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மத்திய மார்க்கெட், 1928-ல் திறந்தது. பீன்ஸ், தக்காளி, ஆலிவ், உலர்ந்த பருப்பு வகைகள், ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கும். மதியம் 3 மணிக்குள் மூடிவிடுவார்கள், ஞாயிறு லீவு. எதிரிலேயே 15-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய பட்டு வணிகக் கூடம். முறுக்கிப் பிழிந்த மாதிரி இருக்கும் அந்தத் தூண்களைப் பார்க்கத் தவறாதீர்கள்.

தட்டு இல்லாத சாப்பாடு

இப்போது சோற்றுக்கு வருவோம். அரேபியர் ஆட்சியில் இங்கே வேரூன்றிய பயிர் நெல். நகரத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் அல்புஃபேரா ஏரி. அதைச் சுற்றி இன்றும் வயல்கள். சாயங்காலம் படகில் போய்ப் பாருங்கள், மனசு லேசாகிவிடும்.

அந்த அரிசியில் பிறந்ததுதான் ‘பயேயா’. அகலமான, ஆழமில்லாத இரும்புச் சட்டியின் பெயர்தான் அது. சட்டியின் பெயரே சாப்பாட்டுக்கும் வந்துவிட்டது. ஆலிவ் எண்ணெய், தக்காளி, பட்டை பீன்ஸ், நம்ம டபுள் பீன்ஸ் வகை, குங்குமப்பூ, கூடவே கோழியும் முயலும். அரிசியைப் போட்டபின் கிளறவே கூடாது! ஒரு விரல் உயரத்துக்குத்தான் சோறு இருக்கும். அடியில் பிடிக்கும் காந்தலுக்கு வீட்டில் அடிதடியே நடக்கும். சட்டியை நடுவில் வைத்து, ஆளுக்கொரு மரக்கரண்டியால் தன் எதிரில் இருப்பதை மட்டும் எடுத்துச் சாப்பிடுவது பழைய வழக்கம்.

சைவமா? காய்கறி பயேயா கேளுங்கள். ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ’ (கறி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சொல்லி, வேகவைக்கும் தண்ணீர் கறிச்சாறு இல்லையே என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாகத்துக்கு ‘ஓர்ச்சாத்தா’. பால் மாதிரி இருக்கும், பால் இல்லை. நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கோரைக்கிழங்குக்குச் சொந்தக்காரக் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்தது. சர்க்கரை தாராளம்! ‘சின் அஸூகர்’ என்றால் சர்க்கரை சேர்க்காதது. ‘அகுவா தே வலென்சியா’ என்ற பெயரைப் பார்த்து, தண்ணீர்தானே என்று வாங்கிவிடாதீர்கள். ஆரஞ்சு ஜூஸில் மதுவகைகள் கலந்தது!

சர்க்கரை நோயாளியா? கடிகாரத்தைப் பாருங்கள்!

அழகுக்கும் ருசிக்கும் அடுத்து, கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. இங்கே மதியச் சாப்பாடு 2 மணிக்கு. இரவுச் சாப்பாடு 9 மணிக்குமேல். வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டோ, இன்சுலின் குத்திக்கொண்டோ 12 மணிக்கு ஹோட்டலைத் தேடினால், சமையலறையே திறந்திருக்காது. சர்க்கரை ‘லோ’ ஆகி மயக்கம் வரலாம். ஆகவே:

• கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் நேர மாற்றத்தைச் சொல்லி, மருந்து நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நமக்கும் ஸ்பெயினுக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம்.
• மருந்தும் சீட்டும் கைப்பையில். பிஸ்கெட், குளுக்கோஸ் சட்டைப்பையில்.
• காலை 10.30 மணிவாக்கில் உள்ளூர்க்காரர்கள் ஒரு கடி சாப்பிடுவார்கள். நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.
• ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அவசரத்துக்கு எண் 112.
• ஆஸ்துமா இருந்தால் மார்ச் 15 முதல் 19 வரை நடக்கும் ‘ஃபாயாஸ்’ திருவிழாவில் ஜாக்கிரதை. பிரம்மாண்ட பொம்மைகளைக் கடைசி இரவு கொளுத்துவார்கள். புகை, வெடிச்சத்தம் இரண்டும் பலம்.
• ஏப்ரல், மே மாதங்கள் இதமானவை. இலையுதிர்காலத்தில் போனால் மழை எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள். 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 200-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். புதிய கால்வாய் நகரத்தைக் காத்தது. அதற்குத் தெற்கே இருந்த ஊர்கள் தத்தளித்தன.

வீட்டுக்கு என்ன கொண்டு வரலாம்?

குங்குமப்பூவும் பயேயா சட்டியும் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அதைவிடப் பெரிய சாமான் ஒன்று இருக்கிறது.

இதய நோய் ஆபத்து அதிகமுள்ள சுமார் 7,400 பேரிடம் ஸ்பெயினில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2013-ல் வெளியாகி, குறைகள் திருத்தப்பட்டு 2018-ல் மறுபடி வெளிவந்தது. ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ சேர்த்து, காய், பருப்பு, மீன் என்று மத்தியதரைக் கடல் முறையில் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறைவாக வந்தன. கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களோடு ஒப்பிட்டுச் சொன்ன முடிவு இது.

அதற்காக வெள்ளைச் சோறு மருந்தாகிவிடாது. ஆலிவ் எண்ணெயை வாங்கி, மலை மாதிரி சோற்றின் மேல் ஊற்றினாலும் பயன் இல்லை. வலென்சியாக்காரர்களின் சட்டியைப் பாருங்கள்: ஒரு விரல் உயரச் சோறு, அதோடு காயும் பீன்ஸும். சாப்பிடுவது பகலில், பக்கத்தில் குடும்பம், பிறகு ஆற்றுத் தோட்டத்தில் ஒரு நடை.

இதற்கு விசா வேண்டாம், டிக்கெட்டும் வேண்டாம். நாளை மதியமே உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பிச்சுடலாமே!